சாக்கு எங்கே போகும்? வேலூரில் ஓடிக்கொண்டே குப்பை எடுக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

குனிந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுப்பது பெரிய வேலை இல்லை. எடுத்த பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று முழிப்பதுதான் கஷ்டம். புதிதாகச் சேரும் குழுக்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். காலை ஆறு மணிக்கு உற்சாகமாக ஆரம்பித்து, ஏழரைக்குப் பத்து சாக்கு நிரப்பி, அவற்றை ஒரு மின்கம்பத்தடியில் அடுக்கிவைத்துப் படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பதினோரு மணிக்கு மாடு வந்து சாக்கைக் கிழிக்கும். மத்தியானத்துக்குள் காலையில் பத்து இடத்தில் கிடந்த குப்பை ஒரே இடத்தில் பரந்து கிடக்கும். அதனால் இந்த வழிகாட்டியைப் பின்னாலிருந்து தொடங்குகிறோம். சாக்கு போய்ச் சேரும் இடம் முதலில், ஓட்டம் பிறகு.

பெயரைப் பற்றி இரண்டு வார்த்தை. இதை உலகம் முழுக்க பிளாகிங் என்கிறார்கள். 2016இல் ஸ்டாக்ஹோமில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் என்பவர் தொடங்கியது. பொறுக்கி எடுப்பதற்கான ஸ்வீடிஷ் சொல்லையும் ஓட்டத்துக்கான சொல்லையும் ஒட்டிச் செய்த பெயர். தமிழில் அப்படியே பெயர்த்தால் நம்மைப் பார்த்து ‘பொறுக்கி’ என்பார்கள். ஆகவே ‘குப்பை எடுக்கப் போறோம்’ என்று சொல்வதே நல்லது. ஓட வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. நடப்பவர்கள் எடுக்கும் குப்பை எப்போதும் அதிகம், ஓடுபவர்கள் கடக்கும் தூரம் அதிகம். குழுவில் இரண்டு வகையும் இருப்பது நல்லது.

முதல் படி: சாக்குக்கு முகவரி

நீங்கள் எடுக்கப்போகும் தெரு எந்த வார்டு என்று பாருங்கள். வேலூர் மாநகராட்சியில் 60 வார்டுகள், 4 மண்டலங்கள். சாலையின் இந்தப் பக்கம் ஒரு வார்டும் அந்தப் பக்கம் இன்னொன்றுமாக இருப்பது சகஜம். வார்டுக்கான சுகாதார ஆய்வாளரை இரண்டு நாளுக்கு முன்பாவது சந்தித்துப் பேசுங்கள். பத்துப் பேருக்குள் என்றால் வாய்ச்சொல் போதும். கல்லூரி மாணவர்கள் ஐம்பது பேர், பேனர், மைக் என்று போவதாக இருந்தால் ஆணையருக்குக் கடிதம் கொடுத்து, அந்த எல்லைக் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை மூன்று. வண்டி எந்த முனைக்கு எத்தனை மணிக்கு வரும்? எப்படிப் பிரித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்? கண்ணாடியையும் ஊசியையும் யாரிடம் கொடுப்பது? மூன்றாவது கேள்விக்கு உடனே பதில் வராது. விடாமல் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதில் கிடைக்கும் வரை மருத்துவமனைப் பக்கத்துத் தெருக்களைத் தொடாதீர்கள்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்கு வெளியே ஒரே மலையாகக் கொட்டாமல், வார்டுக்குப் பக்கத்திலேயே கூடம் போட்டு, பிரித்து, மக்குவதை உரமாக்கும் முறையால் வெளியூர்களில் பேசப்பட்ட ஊர் வேலூர். ‘வேலூர் சீனிவாசன்’ என்று அறியப்படும் சி. சீனிவாசன் முன்னெடுத்த ‘குப்பையிலிருந்து பொன்’ முறை இங்கிருந்துதான் பரவியது. அப்படிப்பட்ட கூடத்துக்கு, மண்ணும் சாம்பாரும் டீ கப்பும் கலந்த சாக்கு ஒன்று போனால் அங்கே உட்கார்ந்து பிரிப்பவர் தலையில்தான் அந்த வேலை விழும். நாம் தெருவில் ஐந்து நிமிடத்தில் பிரிக்கக்கூடியதை, மூடிக்கட்டி நசுங்கிய பிறகு பிரிக்க அவருக்கு அரை மணி நேரம் ஆகும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. தண்ணீர் பாட்டில், பீர் கேன், அட்டை இவற்றுக்குக் காயலான் கடையில் விலை உண்டு. தூய்மைப் பணியாளர்கள் பலர் இதைத் தனியே எடுத்துவைத்து விற்று, அன்றைய டீ, டிபன் செலவைச் சமாளிக்கிறார்கள். தன்னார்வலர்கள் வந்து விலைபோகும் சரக்கையெல்லாம் தாங்களே விற்று ‘குழு நிதி’ சேர்த்தால், மிச்சமாவது விலைபோகாத கழிவு மட்டும்தான். விற்கக்கூடியதைத் தனிச் சாக்கில் கட்டி அந்தத் தெருவின் அக்காவிடமோ அண்ணனிடமோ கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் வண்டி உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருக்கும்.

இரண்டாம் படி: தடம்

முதல் மாதத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் போதும். குப்பை எடுத்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை ஆகும். ஐந்து கிலோமீட்டர் திட்டம் போட்ட குழு கடைசி இரண்டு கிலோமீட்டரில் குப்பையைப் பார்த்தும் பார்க்காமல் ஓடும். தொடங்கிய இடத்திலேயே முடியும் சுற்றாக இருக்கட்டும். நிரம்பிய சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பி வர யாருக்கும் பிடிக்காது.

தொடங்க நல்ல இடம் கோட்டைக்கு வெளியே அகழியோரப் பூங்காப் பக்கம். வண்டித் தொல்லை குறைவு. ஆனால் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே பணியில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். மண்ணைக் கிளறுவது, கல் இடுக்கில் சிக்கிய பிளாஸ்டிக்கைக் கம்பியால் நெம்புவது, சுவரில் முளைத்த செடியைப் பிடுங்குவது எதுவும் வேண்டாம். வேரோடு வரும் செடி கல்லையும் கூட்டிக்கொண்டு வரும். அகழித் தண்ணீரில் மிதக்கும் பாட்டில் எவ்வளவு கிட்டே இருந்தாலும் அது நம் வேலை இல்லை. கரை வழுக்கும், ஆழம் தெரியாது.

காட்பாடி காந்தி நகர்த் தெருக்களும் புதியவர்களுக்கு ஏற்றவை. ஓட்டேரிப் பக்கம் ஏற்கெனவே நடக்க வருபவர்கள் இருப்பதால் ஆள் சேர்ப்பது சுலபம். முதல் மூன்று மாதம் தவிர்க்க வேண்டியவை: பாலாற்றுப் பாலம், சத்துவாச்சாரி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும், காட்பாடி ஜங்ஷனின் தண்டவாள ஓரம். பாலத்தில் குனிந்தவரைப் பின்னால் வரும் பஸ் பார்க்காது. ரயில்வே இடத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம்.

காந்தி ரோடு, பாபு ராவ் தெரு வட்டாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிஎம்சி மருத்துவமனையில் சிகிச்சைக்காக வட மாநிலங்களிலிருந்தும் கிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள் நிறைந்த லாட்ஜ் தெருக்கள் அவை. விடிவதற்கு முன்பே டோக்கனுக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்கள். கையில் ஃபைலோடு நோயாளியைத் தாங்கிக்கொண்டு வருபவருக்கு வழியை மறித்துக்கொண்டு கூட்டமாகக் குனிந்து நிற்கக் கூடாது. அங்கே நான்கு பேருக்கு மேல் போக வேண்டாம். போவதும் அனுபவப்பட்டவர்களாக இருக்கட்டும்.

தடத்தை முடிவு செய்ததும் குறைந்தது எட்டு வாரம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒரு தெரு என்று ஊரைச் சுற்றினால் படங்கள் நன்றாக இருக்கும், எந்தத் தெருவும் மாறாது. ஒரே தெருவுக்கு நான்காவது முறை போகும்போதுதான் குப்பை எந்தக் கடையிலிருந்து, எந்தத் திருப்பத்திலிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம் படி: கையிலும் காலிலும்

கிளவுஸ் வாங்கும்போது மருத்துவமனையில் போடும் மெல்லிய ரகம் வேண்டாம். முதல் கண்ணாடித் துண்டிலேயே போய்விடும். ஹார்டுவேர் கடைகளில் துணி கிளவுஸின் உள்ளங்கையில் மட்டும் ரப்பர் பூசியிருப்பார்கள், அதுதான் சரி. கட்டட வேலைக்காரர்கள் போடுவது. பிடி நழுவாது, புறங்கைப் பக்கம் காற்று போகும். ஆனால் ஒன்று: அது வெட்டுக்குக் கொஞ்சம் தாங்கும், ஊசிக்குத் தாங்காது.

சாக்குக்கு 25, 26 கிலோ அரிசிச் சாக்கே போதும். 50 கிலோ சாக்கு தரையில் இழுபடும், காலில் தடுக்கும். சிமென்ட் சாக்கு வேண்டவே வேண்டாம். எத்தனை முறை உதறினாலும் தூள் போகாது, வியர்வையோடு சேர்ந்து தோலை அரிக்கும். சாக்கின் வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, உள்ளே பழைய சைக்கிள் டயர் கம்பியையோ கொஞ்சம் கெட்டியான ஒயரையோ வளைத்துத் தைத்துவிட்டால் வாய் திறந்தே நிற்கும். இது சின்ன வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கையால் சாக்கைத் திறந்து மறு கையால் போடும் தொல்லை போய்விடும். ஒன்றரை மணி நேரத்தில் இருநூறு முன்னூறு தடவை செய்யும் காரியம் அது.

நீளமான இடுக்கி கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் மீன் பொரிக்கும் பெரிய இடுக்கியே போதும், கொஞ்சம் கூடுதலாகக் குனிய வேண்டும், அவ்வளவுதான். மூங்கில் கழி நுனியில் ஆணி அடித்துக் குத்தி எடுப்பதைச் சிலர் பரிந்துரைப்பார்கள். குழுவாகப் போகும்போது அது ஆபத்து. பக்கத்தில் இருப்பவர் காலில் ஏறும்.

கண்ணாடிக்குச் சாக்கு கூடாது. காலியான பெயின்ட் வாளி, மூடியோடு. முக்கால் வரை மட்டும் நிரப்புங்கள். ஊசிக்கு, திருகு மூடி போட்ட கெட்டியான பினாயில் கேன் அல்லது சோப்பு ஆயில் கேன். தண்ணீர் பாட்டில் ஆகாது, ஊசி அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

காலுக்கு ஓட்டப் பந்தய ஷூ சாலைக்குச் சரி. பாலாற்று மணலிலும் ஏரிக்கரையிலும் சீமைக் கருவேல முள் அதன் மெல்லிய அடியை நேராகத் துளைக்கும். அந்த இடங்களுக்குக் கெட்டியான அடி உள்ள பழைய ஷூ. முழுக்கால் பேன்ட். மங்கலான வெளிச்சத்தில் தொடங்கினால் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை.

ஆறு பேர் குழுவுக்கு மொத்தத்தில்: சாக்கு 8, வாளி 1, ஊசி கேன் 1, இடுக்கி 3, கூடுதல் கிளவுஸ் 2 ஜோடி, சோப்பு 1, கை கழுவ ஐந்து லிட்டர் தண்ணீர், பிளாஸ்டர், தொங்கு தராசு 1.

நான்காம் படி: ஓட்டம்

மே மாதக் கத்திரியில் வேலூரில் ஏழரை மணி வெயிலே சுடும். மார்ச்சிலிருந்து ஜூன் வரை வெளிச்சம் வந்ததுமே தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுங்கள். மார்கழி, தையில் ஆறரைக்கு மேல்தான் வெளிச்சம் வரும். இருட்டில் குப்பை எடுப்பது மடத்தனம், கை எதன்மேல் படுகிறது என்று தெரியாது. கிளம்புமுன் ஒரு டம்ளர் தண்ணீர். முடித்ததும் உப்புப் போட்ட மோரோ கம்பங்கூழோ போதும். ‘குப்பை எடுக்க வந்தோம்’ என்று சொல்லிக்கொண்டு பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில் வாங்கி வருகிற குழுக்கள் உண்டு. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஓடிக்கொண்டே எடுக்க முடியாது. எடுக்கும்போது நிற்க வேண்டும், நின்ற பிறகு ஓட வேண்டும். இதற்கு அளவுகோல் மின்கம்பம். இரண்டு கம்ப தூரம் ஓட்டம், ஒரு கம்ப தூரம் எடுப்பு. ஓடிக் கடந்த தூரத்தின் குப்பையைப் பின்னால் வரும் நடையாளர்கள் எடுப்பார்கள். இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்தால் நூறாவது பாட்டிலில் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒரு காலை முன்வைத்து முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுங்கள். காலை மாற்றி மாற்றி வையுங்கள். சாக்கைத் தூக்கியபடி உடம்பை முறுக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாக்கு இருக்கும் கையை மாற்றுங்கள். சாக்கு ஐந்து கிலோவைத் தாண்டியதும் கட்டி வைத்துவிட்டுப் புதிது எடுங்கள்.

எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரியும்படி சாலையின் வலது பக்கமாகப் போங்கள். இருவருக்கு ஒரு சாக்கு: ஒருவர் எடுக்க, ஒருவர் சாக்கைப் பிடிக்க. இன்னொரு ஏற்பாடும் நன்றாக வேலை செய்யும். ஒருவர் பாட்டில் மட்டும், ஒருவர் கவர் மட்டும், ஒருவர் கண்ணாடி மட்டும் என்று பிரித்துக்கொள்வது. தரையிலேயே தரம் பிரிந்துவிடும். கடைசியில் உட்கார்ந்து பிரிக்கும் அரை மணி நேரம் மிச்சம்.

காதில் ஹெட்போன் வேண்டாம்.

ஐந்தாம் படி: கையில் வருவது என்ன

தண்ணீர் பாட்டில். உள்ளே தண்ணீர் இருந்தால் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியிலிருந்து முறுக்கி நசுக்கி, மூடியைத் திருகிவிடுங்கள். மூடியைப் போடாவிட்டால் காற்று ஏறி மறுபடி உப்பிக்கொள்ளும். நசுக்காத ஒரு லிட்டர் பாட்டில் முப்பது போட்டாலே அரிசிச் சாக்கு நிறைந்துவிடும், எடை ஒரு கிலோகூடத் தேறாது. ஒரு எச்சரிக்கை: லாரி நிற்கும் இடங்களிலும் பஸ் நிலையச் சுவரோரத்திலும் மஞ்சளாக ஏதோ நிரம்பிய பாட்டில்கள் கிடக்கும். ஜூஸ் இல்லை. திறக்காமல் தனியே வையுங்கள். நிறமே இல்லாத, காரமாக நெடியடிக்கும் திரவம் இருந்தால் அசைக்கக்கூடச் செய்யாமல் பணியாளரிடம் சொல்லுங்கள்.

டீ கப். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பழைய பேப்பர்க்காரர் எடுக்க மாட்டார். சட்டப்படி அது இருக்கவே கூடாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய கப்பும் தண்ணீர் பாக்கெட்டும் அடக்கம். ஆனாலும் உங்கள் சாக்கில் இவைதான் எண்ணிக்கையில் முதலாக வரும். கப்பை ஒன்றுக்குள் ஒன்று செருகுங்கள். ஐம்பது கப் ஒரு முழ நீளக் குழாயாகிவிடும்.

எட்டு வாரத் தடத்தின் பயன் இங்கேதான். ஒரே கடைமுன் வாரா வாரம் நூறு கப் கிடைக்கிறது என்றால் நூறு கப்பையும் எடுத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தம் இல்லை. கடையில் ஒரு டீ வாங்கிக் குடியுங்கள், கண்ணாடி டம்ளரில். கூட்டம் குறைந்ததும் பேச்சுக் கொடுங்கள்.

‘அண்ணா, கப்பு போட ஒரு டின் வெச்சுக்கலாமா? வாரா வாரம் நாங்களே எடுத்துக்கிறோம்.’

‘வெச்சா மட்டும் போட்டுடப் போறாங்களா?’

அவர் கேட்பது நியாயம்தான். பெரும்பாலும் டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பார்கள், குடிப்பவர்கள் பைக்கில் சாய்ந்துகொண்டு எட்டடி தள்ளி நிற்பார்கள். காலி எண்ணெய் டின் ஒன்றை நீங்களே கொண்டுபோய், மேல்தகட்டை வெட்டி, விளிம்பைச் சுத்தியலால் மடித்து, ஆட்கள் நிற்கும் இடத்தில் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். அடியில் இரண்டு செங்கல் போட்டால் நாய் கவிழ்க்காது. அடுத்த வாரம் எண்ணிப் பாருங்கள். குறையவில்லை என்றால் டின்னின் இடத்தை மாற்றுங்கள், அவரைக் குறை சொல்லாதீர்கள். சட்டம் பேசி மிரட்டினால் அந்தக் கடை முன்னால் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே உங்களுக்குக் கை கழுவத் தண்ணீர் கிடைக்காது.

சிப்ஸ் கவர், ஷாம்பு பாக்கெட், பாக்குப் பொட்டலம். பல அடுக்கு ஒட்டிய இந்த ரகத்துக்குக் காயலான் கடையில் விலை கிடையாது. சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகப் போவதுதான் இதற்கு இருக்கும் வழி. மண்ணும் ஈரமும் சேர்ந்தால் அதற்கும் தகுதி போய்விடும். ஆகவே மழை பெய்த மறுநாள் இவற்றை எடுத்தால் உதறிக் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். பிரியாணி பார்சல் கவரில் எலும்பு இருந்தால் கவரைக் கவிழ்த்து எலும்பை மக்கும் குப்பையில் கொட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் தெருநாய்கள் ஊர்வலமாகப் பின்னால் வரும்.

குவார்ட்டர் பாட்டில், பீர் பாட்டில். முழுசாக இருந்தால் வாளியில், வாய் மேலே பார்க்க. உடைந்திருந்தால் கையைக் கொண்டுபோகாமல் இடுக்கியால். பொடிப்பொடியாகச் சிதறியிருந்தால் ஒரு அட்டையை முறமாக வைத்துத் துடைப்பக் கட்டையால் தள்ளி எடுங்கள். புதரடியில் கண்ணாடி எடுக்கும்போது முதலில் கழியால் தட்டுங்கள். வேலூர்க் குன்றடிவாரங்களில் பாம்புக்குப் பஞ்சம் இல்லை. குவிந்து கிடக்கும் இலைக்கும் அட்டைக்கும் அடியில் கையை விடவே கூடாது.

இளநீர் ஓடு, டயர், உடைந்த வாளி. இவற்றில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்த்துவிட்டுப் போவது பாதி வேலை. டெங்கு பரப்பும் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்குப் பொரிக்கும். பொருளையே அங்கிருந்து அகற்ற வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாகச் சுமார் ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால், அதே தடத்துக்கு வாரம் தவறாமல் போனால் வளையம் அறுபடும். ஐப்பசி, கார்த்திகையில் வேறு எதையும் எடுக்காவிட்டாலும் இதை எடுங்கள்.

திருஷ்டிப் பூசணி. அமாவாசைக்கு மறுநாளும் ஆயுத பூஜைக்கு மறுநாளும் முச்சந்திகளில் குங்குமத்தோடு உடைந்து கிடக்கும். தொடத் தயங்குபவர்களை வற்புறுத்த வேண்டாம், இடுக்கி இருக்கிறது, தயக்கமில்லாத ஒருவரும் இருப்பார். உள்ளே போட்ட சில்லறை அப்படியே இருக்கட்டும், வண்டிக்காரர் எடுத்துக்கொள்வார். டூவீலர் வழுக்கி விழுவது இதில்தான் என்பதால் மற்றக் குப்பைக்கு முன்னால் இதை ஓரங்கட்டுங்கள்.

வெடிக்காத பட்டாசு. தீபாவளிக்கு மறுநாள் போகும் குழு ஒரு வாளித் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். புஸ்ஸென்று போன வெடியைச் சாக்கில் போடாமல் அந்தத் தண்ணீரில் ஊறவையுங்கள்.

ஊசி, ரத்தப் பஞ்சு, சலைன் குழாய். ஒன்றிரண்டு என்றால் கேனைத் தரையில் வைத்து, இடுக்கியால் ஊசியைப் பிடித்து, முனை கீழே பார்க்க உள்ளே விடுங்கள். கேனை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போடுவதில்தான் பெரும்பாலும் குத்துப்படும். மூடியை ஊசியில் திரும்பப் பொருத்த முயலாதீர்கள். மூட்டையாகக் கொட்டியிருந்தால் தொடாமல், இடம் தெரியும்படி படம் எடுத்து ஆய்வாளருக்கு அனுப்புங்கள். அது யாரோ சட்டத்தை மீறிக் கொட்டியது. நாம் அள்ளிவிட்டால் ஆதாரமும் போய்விடும்.

இவை தவிர, செத்த நாய், கோழிக்கடைக் கழிவு, கட்டட இடிபாடு, புகைந்துகொண்டிருக்கும் குப்பை எதையும் எடுக்க வேண்டாம். பழைய வேலூர் மாவட்டத்தின் மற்றப் பகுதிகளில், அதாவது 2019இல் தனி மாவட்டங்களான ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம், இந்த முறையைப் பின்பற்றுபவர்கள் தோல் தொழிற்சாலைச் சேறும் நீலம் பாரித்த தோல் துணுக்கும் கிடக்கும் இடங்களை விட்டுவிட வேண்டும். அதில் குரோமியம் இருக்கும்.

பாலாற்றுக்குள்

‘தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில்’ என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் அந்தக் கோயிலுக்குச் சாமி 1981இலேயே திரும்பி வந்துவிட்டார். ஆறு இன்னும் பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் கிடக்கிறது. சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு அந்த மணலில் பெருங்கூட்டம் கூடும். மறுநாள் காலை கப், சுண்டல் பொட்டலம், தண்ணீர் பாக்கெட், மாலை நார் எல்லாம் சேர்ந்து கிடக்கும். சுறுசுறுப்பான குழுவுக்கு வருடத்தின் பெரிய வேலை இதுதான். ஆனால் அங்கேயே சுடுகாடும் இருக்கிறது. மூங்கில், பானை, துணி, பூ இவற்றைத் தொடக் கூடாது. மணலுக்கடியில் கங்கு இருக்கலாம். காற்று எழும்புவதற்கு முன் முடிக்க வேண்டும், எழும்பினால் கவர்கள் கருவேலம் புதருக்குள் போய்விடும், அங்கிருந்து ஒன்றை எடுக்க ஒரு நிமிடம் ஆகும். காணும் பொங்கலுக்கு மறுநாள் கோட்டை மைதானமும் இதே கதைதான், முள் மட்டும் இல்லை.

பட்டுவிட்டால்

சாக்கு தூக்கியவரைக் கண்டால் தெருநாய்க்கு ஆகாது. ஓடாமல் நின்று, சாக்கை உடம்புக்கும் நாய்க்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மெல்ல விலகுங்கள். கடித்துவிட்டால், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும், முதல் ஊசியோடு நிறுத்தக் கூடாது.

குப்பையில் கிடந்த ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு. எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடர்ந்து வருபவர்கள் டெட்டனஸ் ஊசியும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முன்கூட்டியே போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் இல்லாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108. கையில் ஏற்கெனவே காயம் இருப்பவர் மழைக்காலத்தில் சாக்கடை ஓரத்துக்குப் போக வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

வண்டி வரும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே முனைக்குப் போய்விடுங்கள். வண்டி வராவிட்டால் சாக்கை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஒருவர் காத்திருக்க வேண்டும், அல்லது கூடத்துக்கே கொண்டுபோக ஆட்டோ ஒன்றை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். ‘ஒரு தீக்குச்சி போட்டா முடிஞ்சது’ என்று யாராவது யோசனை சொல்வார்கள். பிளாஸ்டிக்கைக் கொளுத்துவது குப்பையைத் தெருவிலிருந்து எடுத்து நெஞ்சுக்குள் போடுவது.

ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். தேதி, தடம், எத்தனை பேர், தொடங்கிய நேரம், முடித்த நேரம், வகைவாரியாக எத்தனை கிலோ. கூடவே, எப்போதும் ஒரே பத்து மீட்டரைத் தேர்ந்தெடுத்து அங்கே கிடந்த கப், கவர், பாட்டில் எண்ணிக்கை. எடை ஏமாற்றும், ஈரம் சேர்ந்தால் கூடிவிடும். எண்ணிக்கை ஏமாற்றாது. எட்டு வாரக் கணக்கோடு கவுன்சிலரைப் பார்த்து ‘இந்தத் திருப்பத்தில் வண்டி நிற்பதில்லை, அதனால்தான் இவ்வளவு’ என்று காட்டுவதும், வெறுங்கையோடு போய்க் குறை சொல்வதும் ஒன்றல்ல. படம் எடுத்தால் குப்பையைப் படம் எடுங்கள். பணியாளர்களையும் கடைக்காரர்களையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.

வீட்டுக்குள் நுழையும் முன் ஷூவை வெளியே விட்டு, சாக்கை உள்வெளியாகத் திருப்பி அலசி, மாடியில் வெயில் படும்படி கொடியில் போடுங்கள். ஒரு சாக்கு ஐந்தாறு வாரம் தாங்கும். அடித் தையல் விட்டதும் அதுவே கடைசியாக ஒருமுறை கவர்கள் கட்டப் பயன்படும். கிளவுஸைக் கழற்றுவதற்கு முன்பே சோப்புத் தண்ணீரில் கையோடு கழுவிவிடுங்கள். எப்போதும் வலது கை கிளவுஸ்தான் முதலில் ஓட்டையாகும், ஆறு மாதத்தில் இடது கை கிளவுஸ் மட்டும் ஒரு பை நிறையச் சேரும். குழுவில் இடது கைக்காரர் ஒருவரைப் பிடித்துப்போட்டால் கணக்கு ஓரளவு நேராகும்.